பழைய கருவியைப் பழிக்கும் புதிய வியாபாரம்

புதியது வந்துவிட்டது, ஆகவே பழையது செத்துவிட்டது என்று பறையடிப்பது வியாபாரிகளின் தொழில். அந்தப் பறையொலிக்கு ஆடுவது நமது தொழிலாக இருக்க வேண்டியதில்லை. கைத்தொலைபேசியிலும் கணினியிலும் நாம் நாள்தோறும் காணும் இந்த வித்தை, இப்போது மெட்டல் டிடெக்டர் என்னும் உலோகம் தேடும் கருவியையும் பிடித்துக்கொண்டுள்ளது. பத்து ஆண்டுகளுக்கு முற்பட்ட கருவி என்றாலே குப்பை என்றும், ஆயிரம் பவுணுக்கு மேல் கொடுத்துப் புதிய கருவி வாங்காதவன் வயல்வெளியில் வெறுங்கையோடு திரும்புவான் என்றும் ஒரு பிரசாரம் நடக்கிறது. இது பொய்ப் பிரசாரம் என்பதே எனது வாதம்.

மெட்டல் டிடெக்டர் என்றதும் ஈழத்தமிழ் வாசகர்களுக்குச் சோதனைச் சாவடியும் கண்ணிவெடி அகற்றும் பணியாளர்களுமே நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் இது பல்லாயிரம் சாதாரண மக்களின் பொழுதுபோக்கு. ஓய்வு பெற்ற தோட்டக்காரர், இரவு வேலை முடித்து வந்த தொழிலாளி, பாடசாலைப் பிள்ளையோடு வரும் தகப்பன் ஆகியோர் உழுத வயலில் மணிக்கணக்காக நடந்து, ஒரு பித்தளைப் பொத்தானையோ தேய்ந்த வெள்ளிக் காசையோ கண்டு மகிழ்ந்து வீடு திரும்புகிறார்கள். அங்கு குடியேறிய நம்மவரிலும் இதில் நாட்டம் கொள்ளக்கூடியவர்கள் உண்டு. அவர்களையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் சாட்சிகளை அழைப்போம்.

1992 நவம்பர் 16ஆம் திகதி இங்கிலாந்தின் சபோக் மாவட்டத்தில் உள்ள ஹொக்சன் என்னும் கிராமத்தில், ஒரு கமக்காரர் வயலில் தொலைத்த சுத்தியலைத் தேடிக் கொடுப்பதற்காக எரிக் லோஸ் என்ற ஓய்வு பெற்ற தோட்டக்காரர் தமது கருவியோடு சென்றார். சுத்தியலும் கிடைத்தது. கூடவே 14,865 உரோமானியக் காசுகளும் பொன் நகைகளும் வெள்ளிப் பாத்திரங்களும் கிடைத்தன. 17.5 இலட்சம் பவுண் என்று மதிப்பிடப்பட்ட அந்தப் புதையல் இன்று பிரித்தானிய நூதனசாலையில் உள்ளது. அந்தச் சுத்தியலும் அங்கேதான் உள்ளது!

1980 செப்ரெம்பரில் அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கெவின் ஹில்லியர் என்பவர் கண்டெடுத்த பொற்கட்டியின் நிறை 27 கிலோவுக்கும் மேல். 'நம்பிக்கையின் கரம்' என்று பெயர் பெற்ற அந்தக் கட்டியைக் காட்டிக் கொடுத்தது கரெற் நிறுவனத்தின் அந்நாளைய கருவி. இன்றைய கடைக்காரர் அதைக் கண்டால் மேசைக்கு அடியில் தள்ளிவிடுவார்.

2009 யூலை 5ஆம் திகதி ஸ்டபோட்ஷயரில் ஒரு வயலில் டெரி ஹேர்பேட் கண்டெடுத்த அங்கிலோ சக்சன் புதையலில் ஐந்து கிலோ அளவுக்குப் பொன் இருந்தது. உடைந்த துண்டுகளையும் சேர்த்து ஏறக்குறைய 4,600 பொருட்கள். மதிப்பீடு 32.85 இலட்சம் பவுண். அவர் பயன்படுத்திய பழைய கருவி, வீட்டுப் பழம்பொருட்களைக் காரில் கொணர்ந்து விற்கும் சந்தையில் இரண்டரைப் பவுணுக்கு வாங்கியது என்று பத்திரிகைகள் எழுதின. இரண்டரைப் பவுண்!

"இவையெல்லாம் அதிர்ஷ்டம், இருபத்தேழு கிலோ பொன்னை எந்தக் கருவிதான் காட்டாது?" என்று எதிர்த்தரப்பினர் கேட்பர். நல்ல கேள்வி. நான் சொல்ல வந்ததும் அதுவே. எந்தக் கருவியும் காட்டும் என்றால், விலை உயர்ந்த கருவி எதற்கு? தீர்மானித்தது கருவியின் வயதல்ல. சரியான நிலத்தில், சொந்தக்காரரின் அனுமதியோடு, பொறுமையாக நடந்த கால்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையை விற்பனையாளர் நமக்குச் சொல்லித் தருகிறார். புதிய கூடத்தையும் அவரே விற்கிறார்.

இனி அறிவியலுக்கு வருவோம். இந்தக் கருவியின் அடிப்படை புதிதல்ல. 1881இல் சுடப்பட்டுக் கிடந்த அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டின் உடலில் துப்பாக்கிக் குண்டைத் தேடுவதற்கு, தொலைபேசி புகழ் அலெக்சாண்டர் கிரகாம் பெல் பயன்படுத்தியது தூண்டல் சமநிலை என்னும் இதே தத்துவத்தைத்தான். இரண்டாம் உலகப் போரில் போலந்து இராணுவப் பொறியியலாளர் யோசெப் கொசாட்ஸ்கி வடிவமைத்த கண்ணிவெடி காட்டும் கருவி 1942இல் எல் அலமெயின் போர்க்களத்துக்குச் சென்றது. அதன் வழிவந்த மாதிரிகளைப் பிரித்தானிய இராணுவம் 1995 வரை கைவிடவில்லை. உயிரைப் பணயம் வைத்து நடக்கும் சிப்பாய்க்கு அரை நூற்றாண்டு உதவிய தத்துவம், வெள்ளிக் காசு தேடும் பொழுதுபோக்காளருக்குப் பதினைந்து ஆண்டுகளில் காலாவதியாகிவிடுமா?

கருவியின் வட்டச் சுருளில் ஓடும் மாறுமின்னோட்டம் மண்ணுக்குள் காந்தப்புலம் ஒன்றை அனுப்புகிறது. அது காசில் ஒரு சிறு மின்னோட்டத்தைத் தூண்ட, அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு புலத்தைத் திருப்பி அனுப்புகிறது. போகும்போதும் வரும்போதும் புலம் தேய்கிறது. ஆழம் சுருளின் அளவை விஞ்சத் தொடங்கியபின், காசு இருமடங்கு ஆழத்துக்குப் போனால் திரும்பும் சைகை ஏறக்குறைய அறுபத்து நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். இதுதான் விளம்பரங்கள் வாய் திறக்காத உண்மை. எத்தனை நுண்செயலிகளைப் பொருத்தினாலும் இந்தச் சுவரைத் தகர்க்க இயலாது. சற்றே தள்ளி வைக்கலாம், அவ்வளவே. பழைய கருவி ஒரு சாண் ஆழத்தில் காட்டிய காசை, புதிய கருவி சில விரற்கடை கூடுதலாகக் காட்டலாம். அந்தச் சில விரற்கடைக்கு ஆயிரம் பவுணா?

அடையாளம் காட்டும் திறனிலும் இதே நிலைதான். திரையில் எண்கள் ஓடுகின்றன, நிறங்கள் மாறுகின்றன. ஆனால் சோடாப் பேணியின் இழுவளையமும் சிறிய பொன் மோதிரமும் பெரும்பாலும் ஒரே மாதிரியான சைகையையே தருகின்றன. அந்த நாளிலும் தந்தன, இன்றும் தருகின்றன. கடைசியில் தோண்டித்தான் பார்க்க வேண்டும். துருப்பிடித்த ஆணிகள் நிறைந்த பழைய குடியிருப்பு நிலத்தில், அமெரிக்காவின் டெசோரோ நிறுவனம் செய்த எளிய கருவிகள் ஆணிகளுக்கு இடையே கிடக்கும் காசைச் சட்டென்று பிரித்துச் சொல்வதில் பேர்போனவை. அவற்றில் பலவற்றில் திரையே இல்லை. இரண்டு மூன்று திருகுகள், ஓர் ஒலி. மற்றது கேட்பவரின் காது.

இந்தக் காது என்பதை அலட்சியம் செய்யக் கூடாது. ஒரே கருவியோடு ஐந்தாறு ஆண்டுகள் நடந்தவருக்கு அதன் முனகலும் தெரியும், சிணுங்கலும் தெரியும். ஆண்டுக்கொரு கருவி மாற்றுபவர் ஆண்டு முழுவதும் அரிச்சுவடியே படித்துக்கொண்டிருப்பார். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்று நம்முடைய மூத்தோர் சொன்னது வெறும் ஆறுதல் மொழியன்று.

அடுத்தது, பொருள் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி. பழைய கருவி சாதாரணப் பற்றரியில் ஓடும். அது தீர்ந்தால் மூலைக் கடையில் வேறொன்று வாங்கலாம். உள்ளே இருக்கும் மின்தேக்கி காய்ந்து போனாலோ, திருகு கரகரத்தாலோ, ஈயப்பற்று விட்டுப் போனாலோ, றேடியோ திருத்தத் தெரிந்தவர் ஒருவர் ஒரு மாலைப்பொழுதில் சரிசெய்து தருவார். புதிய கருவிகளில் பல மூடி முத்திரையிடப்பட்டவை. உள்ளேயே பதித்த பற்றரி, நிறுவனம் மட்டுமே புதுப்பிக்கக்கூடிய மென்பொருள். பற்றரி நலிந்தாலும் நிறுவனம் நலிந்தாலும் கருவி நலியும்.

நிறுவனங்கள் நலியாதா என்ன? 1980இல் தொடங்கிய டெசோரோ, தன் கருவியை முதலில் வாங்கியவருக்கு வாழ்நாள் உத்தரவாதம் கொடுத்தது. அந்த டெசோரோ 2018இல் மூடப்பட்டது. ஓரிகன் மாநிலத்தில் பல தசாப்தங்கள் கோலோச்சிய வைட்ஸ் நிறுவனம் 2020இல் கடையைக் கட்டியது. உத்தரவாதப் பத்திரம் வெறுந்தாளானது. ஆனால் அவர்கள் செய்த கருவிகள் இன்னும் வயல்களில் பாடிக்கொண்டிருக்கின்றன. திருத்தக்கூடியதாகச் செய்யப்பட்டமையே காரணம். இன்று மூடி முத்திரையிட்ட கருவியை விற்கும் நிறுவனம் நாளை மூடப்பட்டால், வாங்கியவர் எந்தக் கதவைத் தட்டுவது?

புதியவை அனைத்தும் பயனற்றவை என்று வாதிட நான் வரவில்லை. கடலோர ஈர மணலில் உப்பு நீர் தரும் பொய்ச் சைகை, ஒற்றை அதிர்வெண்ணில் ஓடும் பழைய கருவிகளைத் தடுமாறச் செய்யும். அங்கே பல அதிர்வெண்களை ஒருங்கே அனுப்பும் கருவி உண்மையிலேயே மேலானது. அவுஸ்திரேலியப் பொன்வயல்களின் இரும்புச் செம்மண்ணில் துடிப்புத் தூண்டல் முறைக் கருவிகள் 1990களில் செய்தது ஒரு பெரிய பாய்ச்சல். கடற்கரையே கதியென்று இருப்பவரும் பொன் தேடுவதே பிழைப்பென்று இருப்பவரும் தாராளமாகப் புதியதை வாங்கட்டும். ஆனால் பல அதிர்வெண் முறையும் நேற்றுப் பிறந்ததல்ல. மைன்லாப் நிறுவனத்தின் சொவரின் கருவியும் பிஷர் நிறுவனத்தின் சீஸெட் வரிசையும் 1990களின் தொடக்கத்திலேயே அதைச் செய்தன. அவையும் இன்று 'பழையவை' என்ற பட்டியலில்தான் கிடக்கின்றன.

பழைய கருவிகளின் மலிவைக் கண்டு அஞ்சும் தொல்லியலாளர் சிலரும் உள்ளனர். மலிவான கருவி கண்டவர் கையிலெல்லாம் போய்ச் சேர்ந்தால் மண்ணின் வரலாறு சிதைந்துவிடும் என்பது அவர்களின் கவலை. கவலை நியாயமானது, காரணம் பிழையானது. எரிக் லோஸ் சில பொருட்களை எடுத்ததும் தோண்டுவதை நிறுத்தி அறிவித்தார். மறுநாள் தொல்லியலாளர் வந்து முறைப்படி அகழ்ந்தனர். 2015இல் லெமின்ஸ்ரர் அருகே வைக்கிங் காலப் புதையல் ஒன்றைக் கண்ட இருவர் அதை மறைத்து விற்றனர். 2019இல் சிறை சென்றனர். இரு தரப்பாரிடமும் இருந்தது கருவிதான். வேறுபட்டது மனச்சாட்சி. அது எந்த விலைக்கும் கடையில் கிடைப்பதில்லை.

இன்னொன்றையும் அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். உழுபடையால் ஏற்கனவே கலைக்கப்பட்ட மேல்மண்ணுக்குள் மட்டுமே தேட வேண்டும், அதற்குக் கீழே குலையாமல் கிடக்கும் படைகளைத் தொடக்கூடாது என்பதே இங்கிலாந்திலும் வேல்சிலும் 2006இல் வெளியாகி 2017இல் திருத்தப்பட்ட நன்னடத்தைக் கோவையின் சாரம். அந்த மேல்மண்ணுக்குப் பழைய கருவியின் எட்டம் போதும். ஆழம், மேலும் ஆழம் என்று கூவி விற்கப்படும் கருவியே தொடக்கூடாத படைக்குள் கைநீட்டத் தூண்டுகிறது. அப்படியானால் வரலாற்றுக்கு ஆபத்து இரண்டரைப் பவுண் கருவியாலா, ஆயிரம் பவுண் கருவியாலா?

பழைய கருவி வாங்க விரும்புவோருக்குச் சில வார்த்தைகள். பற்றரிப் பெட்டியைத் திறந்து பச்சைப் பூஞ்சை போன்ற அரிப்பு உள்ளதா என்று பாருங்கள். சுருளை மெதுவாகத் தட்டுங்கள். தட்டும்போதெல்லாம் கத்தினால் சுருளோ கம்பியோ பழுது. திருகுகளை முழுவதும் சுழற்றுங்கள். ஒரு காசைச் சுருளின் முன்னே ஆட்டி ஒலியைக் கேளுங்கள். கையேடும் கிடைத்தால் விடாதீர்கள். மிச்சப்படும் பணத்தில் நல்ல மண்வாரியும் ஹெட்போனும் உங்கள் பிரதேசத்தின் பழைய வரைபடங்களும் வாங்குங்கள். புதையல் கிடக்கும் இடத்தைக் கருவி அறியாது. வரைபடம் ஓரளவு அறியும்.

சட்டத்தையும் மறவாதீர்கள். இங்கிலாந்தில் நிலச் சொந்தக்காரரின் அனுமதி வேண்டும். 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி புதையல் எனக் கருதத்தக்கதைப் பதினான்கு நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் கருவியோடு கால் வைக்கவே கூடாது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது இந்தப் பொழுதுபோக்கையும் பெட்டியில் கட்டிக்கொண்டு போக எண்ணுவோருக்கு ஒரு வார்த்தை: வேண்டாம். இலங்கையில் 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் நடைமுறையில் உள்ளது. அனுமதிப்பத்திரமின்றித் தொல்பொருள் தேடித் தோண்டுவது குற்றம். போர் நடந்த மண்ணில் அது உயிராபத்தும்கூட.

மீண்டும் சொல்கிறேன். வியாபாரிகள் குப்பை என்று ஒதுக்கும் கருவிகள்தான், வசதி குறைந்த ஒருவருக்கு இந்தப் பொழுதுபோக்கின் வாசலைத் திறந்து வைத்துள்ளன. ஓய்வூதியத்தில் வாழும் முதியவரும் கைச்செலவுக் காசைச் சேர்த்து வைக்கும் சிறுவனும் உள்ளே வருவது அந்த வாசலால்தான். அவற்றை ஏளனம் செய்து ஒழித்துவிட்டால் இது பணக்காரரின் விளையாட்டாகிவிடும். திருத்தத் தெரிந்த கைகளும் மெல்ல மறைந்துவிடும். உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒரு கருவி கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். ஒரு பற்றரியைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அது இன்னும் பேசும்.