கட்டுமரம்: பெருமைப்பட்டது போதும், எழுதி வைப்போம்



'கேட்டமரான் என்ற ஆங்கிலச் சொல்லே நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான்' என்று மாதம் ஒரு தடவையாவது யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். சொல் போனது உண்மை. வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி 1697இல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தை அந்தப் பெயரிலேயே எழுதியிருக்கிறார். ஆனால் இன்று அந்தப் பெயரில் ஓடுவது இரண்டு அடிப்பாகங்களைச் சேர்த்துக் கட்டிய படகு. அந்த அமைப்பு பசிபிக் தீவுக்காரர்களுடையது. நம்மிடமிருந்து போனது பெயர் மட்டும்தான். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

என் கவலை வேறு. பெயரைக் கொண்டாடும் நமக்கு அந்த மரத்தைப் பற்றி என்ன தெரியும்? (கடற்கரையில் 'மரம்' என்றாலே போதும், கட்டுமரம்தான்.)

என் பணிக்காலத்தில் பாதிக்கு மேல் குமரிக் கடற்கரைப் பள்ளிகளில் கழிந்தது. பிள்ளைகளின் அப்பாக்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது இது. கட்டுமரத்தில் ஆணி கிடையாது. செதுக்கிய மரங்களைக் கயிற்றால் பிணைப்பார்கள். தண்ணீர் தேங்க உள்ளே இடமே இல்லாததால் மூழ்காது. மேலே ஏறும் அலை இடுக்கு வழியே இறங்கிவிடும். துறைமுகம் இல்லாத, அலை உடைகிற கரைக்கு இவ்வளவு தோதானது வேறில்லை. கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயப்போடுவார்கள். நீர் குடித்த மரம் கனத்துவிடும். எந்த மரம், எவ்வளவு செதுக்கு, கயிறு எத்தனை சுற்று என்பதெல்லாம் கைக்கணக்கு. ஜேம்ஸ் ஹார்னெல் என்ற மீன்வளத் துறை அதிகாரி 1920இல் இந்தியப் படகுகளைப் பற்றி விரிவாக எழுதினார், ஆங்கிலத்தில். கட்டியவரின் சொல்லில், தமிழில், நாம் எவ்வளவு எழுதினோம்?

முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். மலையையும் தேவாலயக் கோபுரத்தையும் ஒரே நேர்கோட்டில் வைத்து மீன் கிடைக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது கணியம். திசை பற்றி நான் பாடம் நடத்தினால் பிள்ளைகள் கொண்டல், வாடை, கச்சான் என்று காற்றை வைத்துத்தான் பதில் சொல்வார்கள். பரீட்சையில் அதற்கு மதிப்பெண் கிடையாது.

2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் கரையை நிரப்பின. அதைக் குறை சொல்ல மாட்டேன். துடுப்பு வலித்துத் தோள் தேய்ந்தவர்கள் அவர்கள், நானல்ல. யாரும் மறுபடி மரத்தில் போக வேண்டாம். ஆனால் மரத்தோடு சேர்ந்து அந்தச் சொல்லும் கணக்கும் போகின்றன.

சென்னையில் ஏற்கெனவே இப்படி நடந்திருக்கிறது. துறைமுகம் வருவதற்கு முன் கப்பல்கள் தள்ளி நிற்கும். ஆட்களையும் சரக்கையும் அலை தாண்டிக் கரை சேர்த்தவை மசூலா படகுகள். பலகைகளைத் தென்னை நார்க்கயிற்றால் தைத்த படகுகள். இன்று சென்னையில் மசூலா என்று கேட்டுப் பாருங்கள், 'என்ன மசாலா?' என்பார்கள்.

ரவுண்டானாவில் சிமெண்டுக் கட்டுமரம் வைப்பது பாதுகாப்பு ஆகாது. கட்டத் தெரிந்த பெரியவரை உட்காரவைத்து ஒன்று கட்டச் சொல்லி, ஒவ்வொரு முடிச்சையும் படம்பிடித்து, அவர் சொல்லும் பெயரோடு எழுதிவைக்க வேண்டும். கடற்கரை ஊர்ப் பள்ளி ஒவ்வொன்றும் இதை ஒரு செயல்திட்டமாகச் செய்யலாம். செலவு ஒரு செல்போன்தான். அந்தப் பெரியவர்கள் பெரும்பாலும் எழுபது தாண்டியவர்கள், ஆகவே அடுத்த கல்வியாண்டு வரை காத்திருக்க வேண்டாம்.

என் பழைய மாணவர்களே, தாத்தாவோ மாமாவோ மரம் கட்டியவர் என்றால் இந்த ஞாயிற்றுக்கிழமை பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். எனக்கு அனுப்பினால் கேட்டு எழுதித் தருகிறேன். வேறு வேலை எனக்கு என்ன இருக்கிறது?