மீனாட்சியின் தீட்டு எங்கே போயிற்று?

மதுரை மீனாட்சி கோயில் மிகப் புராதனமானது என்றும், அங்கே ஒருதரம் கும்பிட்டால் செய்த பாவமெல்லாம் தொலையும் என்றும் பக்தர்கள் சொல்லுகிறார்கள். புராதனம் என்பதை நாம் மறுக்கவில்லை. சம்பந்தர் பாடிய ஸ்தலம். இன்று காணும் கட்டடத்தில் பெரும்பகுதி நாயக்கர் காலத்தில் எழுந்தது. கல்தச்சர்களின் கைவேலையை நாமும் நின்று பார்த்து மெச்சியதுண்டு.

நிற்க, மீனாட்சி உலகத்துக்கெல்லாம் தாய் என்கிறார்களே, அத்தாயின் பிள்ளைகளில் ஒரு சாராரை வாசலிலேயே நிறுத்தி வைத்தது யார்? 1897-ல் கமுதியில் இதே மீனாட்சி பேரால் உள்ள கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். அதற்காக ராமநாதபுரம் ராஜா தொடுத்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரையில் போய், நுழைய அவர்களுக்கு உரிமை இல்லையென்று 1908-ல் தீர்ப்பாயிற்று. தாயைப் பிள்ளை பார்க்கலாமா கூடாதா என்பதை, கடல் கடந்து உட்கார்ந்திருந்த வெள்ளைக்கார ஜட்ஜுகள் சொல்லவேண்டியிருந்தது! தாயோ வாய் திறக்கவில்லை.

பிறகு 1939 ஜூலை 8-ந் தேதி, தோழர் வைத்தியநாதய்யர், தோழர் கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்ட தோழர்கள் ஐவரையும், நாடார் ஒருவரையும் மதுரைக் கோயிலுக்குள் அழைத்துப் போனார். சர்க்கார் சட்டம் செய்து அதற்குப் பாதுகாப்புக் கொடுத்தது. கோபுரம் சாய்ந்ததா? வைகை வற்றியதா? ஒன்றுமில்லை. அன்றைக்கும் சித்திரைத் திருவிழா நடந்தது, இன்றைக்கும் நடக்கிறது. அப்படியானால் அத்தனை காலமும் சொல்லிவந்த தீட்டு எங்கே போயிற்று? சாமியிடம் இருந்த தீட்டானால் சட்டத்தால் போயிருக்குமா? மனிதன் கட்டிவைத்த தீட்டு ஆகையால்தான் மனிதன் எழுதிய சட்டத்தால் போயிற்று.

மோட்சத்துக்காக நாம் இதைச் சொல்ல வரவில்லை. பொது இடத்தில் ஒருவன் நடக்கலாம், ஒருவன் நடக்கக்கூடாது என்பது மனிதத்தன்மைக்கே இழுக்கு என்பதற்காகத்தான் சொல்லுகிறோம்.

வெளிவாசல் திறந்தது, கருவறை வாசல் என்ன ஆயிற்று? பரம்பரை அர்ச்சகர் உரிமையை ஒழிக்க 1970-ல் சட்டசபையில் சட்டம் நிறைவேறியது. அரை நூற்றாண்டு கழித்து, 2021 ஆகஸ்டில்தான், பயிற்சி பெற்ற பல ஜாதித் தோழர்கள் அர்ச்சகராக நியமனம் பெற்றார்கள். உடனே ஆகமம் என்று கிளம்பிக் கோர்ட்டுக்குப் போனார்கள். 1897-ல் சொன்ன வழக்கம் என்ற வார்த்தைதான் ஆகமம் என்று பேரை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது.

பக்தத் தோழர்களே, நீங்கள் கும்பிடுவதும் கும்பிடாததும் உங்கள் இஷ்டம். ஆனால் அடுத்த தடவை கருவறைக்கு எதிரே கைகூப்பி நிற்கும்போது, நமக்கும் சாமிக்கும் நடுவில் இருக்கும் கோட்டைப் போட்டது சாமியா, ஆசாமியா என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். அந்த ஒரு நிமிஷம் போதும்.