பூஞ்சணத்தை ஏவிக் கூரையைக் காக்க முடியாது

பனிச்சங்கேணி போன்ற வாவிக்கரை ஊர்களில் வளைக்கும் தீராந்திக்கும் இனி மருந்தும் வேண்டாம், மரத்தைக் காயவிடவும் வேண்டாம், டிரைக்கோடேர்மா என்ற பூஞ்சணத்தின் கரைசலை அடித்தால் அது உக்கவைக்கும் பூஞ்சணத்தைத் தின்றுவிடும் என்று வாதிடுகிறார் ஒருவர். இதை நம்பிக் கூரை போடும் குடும்பம் மரத்தையும் இழக்கும், காசையும் இழக்கும்.

டிரைக்கோடேர்மா பிற பூஞ்சணத்தின் இழைகளைச் சுற்றிப் பிடித்து, நொதியங்களால் அவற்றின் சுவரைக் கரைப்பது உண்மை. அது பிற பூஞ்சணத்தைச் சுற்றிப் பிடித்துத் தாக்குவதை 1932இலேயே வைண்ட்லிங் என்ற ஆய்வாளர் எழுதினார். ஆனால் அவர் ஆராய்ந்தது நாற்றை அழுகவைக்கும் மண் பூஞ்சணத்தை. மரத்துக்குள் டிரைக்கோடேர்மா வெளிறில் கிடக்கும் சீனியையும் மாப்பொருளையும் தின்றே பரவுகிறது. லிக்னினைச் சிதைக்க அதற்கு வலுவில்லை. அந்தத் தீனி தீர்ந்ததும் அது தளரும். வெள்ளை உக்கல் பூஞ்சணத்துக்கோ லிக்னினும் செலுலோசும் கொண்ட மரம் முழுவதும் அப்படியே மிச்சமிருக்கும். ஆய்வுகூடத் தட்டில் வென்றது கூரையிலும் வெல்லும் என்பதற்கு இந்த வாதக்காரர் என்ன ஆதாரம் காட்டினார்?

அவர் பெரிதாக எடுத்துக்காட்டுவது ஜோன் ரிஷ்பெத்தின் வேலையை. இங்கிலாந்தின் பைன் காடுகளில், வெட்டிய அடிக்கட்டைகளில் பெனியோபோரா வித்திகளை இட்டு, வேரழுகல் பூஞ்சணம் குடியேறாமல் தடுத்ததை ரிஷ்பெத் 1963இல் வெளியிட்டார். அருமையான வேலைதான். ஆனால் அந்தப் பெனியோபோராவே மரத்தை உக்கவைக்கும் பூஞ்சணம்! அடிக்கட்டை உக்கினால் காட்டுக்கு நட்டமில்லை. வளை உக்கினால் ஓடு தலையில் விழும். இந்த வேறுபாட்டை மறைத்துவிட்டு அறிவியல் பேசுவது நேர்மையல்ல.

இன்னும் அடிப்படையான பிழை ஒன்றுண்டு. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே நின்றால் உக்கல் பூஞ்சணம் வளராது. டிரைக்கோடேர்மாவுக்கும் ஈரம் வேண்டும். ஆகவே அவர் சொல்லும் போட்டி நடக்க வேண்டுமானால் கூரைமரம் நனைந்தே கிடக்க வேண்டும். காயவிட வேண்டாம் என்பவர் எதிரிக்கே தண்ணீர் வார்க்கிறார்.

வாவியில் ஊன்றும் கம்புகளுக்கும் இந்தக் கரைசலையே பூசச் சொல்வது அதைவிடக் கொடுமை. உவர்நீரில் மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பற்புழு சிப்பியினத்து உயிர், பூஞ்சணமே அல்ல. முன்பு பனிச்சங்காயின் துவர்ச்சாற்றை வலைக்கும் தோணிக்கும் பூசியவர்கள் தண்ணீரைத் தடுக்க முயன்றார்கள். அவர்களின் புரிதல்கூட இந்த வாதத்தில் இல்லை.

கச்சான் வீசும் மாதங்களில் மரத்தை அடுக்கிக் காயவிடுங்கள். வெளிறைச் செதுக்கி வைரத்தைப் பாவியுங்கள். கூரை இறப்பை நீட்டுங்கள். கரைசலை விற்க வருபவர், அடித்த மரத்தையும் அடிக்காத மரத்தையும் இரண்டு மாரிமழைக்கு வெளியே போட்டு, எது எவ்வளவு எடை இழந்தது என்ற கணக்கோடு வரட்டும்.