தேவ்லிக்கு நாம் சொல்ல வேண்டிய பதில்

2025 அக்டோபர் 26ஆம் தேதி இரவு கொல்கத்தாவிலிருந்து சீனாவின் குவாங்சோ நகருக்கு ஒரு பயணிகள் விமானம் கிளம்பியது. இரு நாடுகளுக்கும் இடையே நேரடி விமானம் பறந்து ஐந்து வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. அதற்கு மூன்று மாதம் முன்புதான் சீனர்களுக்குச் சுற்றுலா விசாவை மறுபடி கொடுக்கத் தொடங்கியிருந்தோம். ஆகஸ்ட் கடைசியில் பிரதமர் தியான்ஜின் போய் ஷி ஜின்பிங்கைச் சந்தித்தார். அந்தச் சந்திப்புக்கு நான்கு நாள் முன்னால், இந்தியச் சரக்குகள் மீது அமெரிக்கா போட்ட 50 சதவீத வரி அமலுக்கு வந்தது. திருப்பூர் பனியன் கம்பெனிகள் கலங்கிப்போயிருந்த நேரம் அது.

டீக்கடைப் பேச்சும் கூடவே மாறியது. ‘சீனாக்காரனை நம்ப முடியாது’ என்று அடித்துச் சொன்னவர்கள், ‘அமெரிக்காக்காரனை நம்பவே முடியாது’ என்று அதே பெஞ்சில் உட்கார்ந்து சொன்னார்கள்.

மனம் மாறுவதைக் குறை சொல்ல வேண்டியதில்லை. வெளிநாடு ஒன்றைப் பற்றி நம்மில் பெரும்பாலோருக்கு நேரடி அனுபவம் எதுவும் கிடையாது. அரசாங்கம் சொல்வதும் செய்தியில் வருவதும்தான். இது நமக்கு மட்டும் உள்ள குணமும் இல்லை. அமெரிக்கக் குண்டுகள் வருடக்கணக்கில் விழுந்த வியட்நாமில், 2017ல் பியூ ஆய்வு மையம் மக்களிடம் கேட்டபோது 84 சதவீதம் பேர் அமெரிக்கா மீது நல்ல அபிப்பிராயம் இருப்பதாகச் சொன்னார்கள். இப்படிப்பட்ட மாற்றத்தை வரவேற்கத்தான் வேண்டும். ஆனால் காற்று எதிர்ப்பக்கம் திரும்பும்போது, அந்தக் கோபம் யார் தலையில் போய் விழுகிறது? எல்லைக்கு அப்பால் இருக்கும் அரசாங்கத்தின் மீது அது விழுவதில்லை. நம் கைக்கெட்டும் தூரத்தில் கடை வைத்திருப்பவர் மீது விழுகிறது. சீனா விஷயத்தில் அப்படி விழுந்த ஓர் அடிக்கு நாம் இன்னும் பதில் சொல்லவில்லை.

சீனாவோடு நமக்கிருந்த பழைய நெருக்கத்தைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். ஜப்பானியப் படையெடுப்பில் சீனா தவித்துக்கொண்டிருந்த 1938ல், நாமே அடிமைப்பட்டுக் கிடந்த காலத்தில், காங்கிரஸ் கட்சி ஐந்து டாக்டர்களை அங்கே அனுப்பியது. அவர்களில் ஒருவரான சோலாப்பூர்க்காரர் துவாரகாநாத் கோட்னிஸ், சீனப் பெண்ணை மணந்து, 1942ல் அந்த மண்ணிலேயே இறந்தார். சாந்தாராம் அவருடைய கதையைப் படமாக எடுத்தார். 1954 ஏப்ரலில் பஞ்சசீல ஒப்பந்தம். ஜூனில் சூ என்லாய் டெல்லி வருகை. அக்டோபரில் நேருவின் பீக்கிங் பயணம். ‘இந்தி - சீனி பாய் பாய்’ என்ற கோஷம் அரசு விழாவோடு நிற்காமல் பள்ளிக்கூடம் வரை போனது.

அந்தக் கோஷம் ஒலித்துக்கொண்டிருந்தபோதே லடாக்கின் அக்சாய் சின் வழியாகச் சீனா சாலை போட்டுக்கொண்டிருந்தது. 1957ல் சாலை முடிந்துவிட்டது. நாடாளுமன்றத்துக்கு நேரு அதைச் சொன்னது 1959 ஆகஸ்டில். அதே ஆண்டு மார்ச்சில் தலாய் லாமா திபெத்திலிருந்து தப்பி இங்கே வந்திருந்தார். பேச்சுவார்த்தைக்கு இடம் இருக்கட்டும் என்று நேரு நினைத்திருக்கலாம். ஆனால் உறவில் விழுந்த விரிசலைக் காட்டாமல் இனிப்பை மட்டுமே ஊட்டி வளர்த்த பொதுமக்கள் மனம், 1962 அக்டோபர் 20ஆம் தேதி சீனப் படை உள்ளே வந்தபோது அதைப் போர் என்று பார்க்கவில்லை, துரோகம் என்று பார்த்தது. நம் தலையங்கக்காரர்களுக்கும் இதில் பங்குண்டு.

ஒரு மாதம் நடந்த போர் நாட்டையே உலுக்கிவிட்டது. பெண்கள் போட்டிருந்த நகையைக் கழற்றிப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்தார்கள். திராவிட நாடு கேட்டுக்கொண்டிருந்த அண்ணா அந்தக் கோரிக்கையை ஒதுக்கி வைத்துவிட்டு அரசுக்குத் துணை நின்றார். கம்யூனிஸ்ட் தலைவர்கள் பலர் சிறைக்குப் போனார்கள். இதெல்லாம் நாம் படித்ததுதான். படிக்காத பக்கம் ஒன்று உண்டு.

அசாமின் மாக்கும் என்ற சிற்றூரில் சீன வம்சாவளியினர் வாழ்ந்தார்கள். தேயிலைத் தோட்ட வேலைக்காக வெள்ளைக்காரர்கள் 1830களின் இறுதியிலிருந்து கொண்டுவந்தவர்களின் வாரிசுகள் பலர். உள்ளூரில் பெண் எடுத்து, பெண் கொடுத்து, அசாமிய மொழி பேசி, அங்கேயே வேர் பிடித்துவிட்டவர்கள். கொல்கத்தாவிலும் டார்ஜிலிங்கிலும் ஷில்லாங்கிலும் தோல் தொழில், செருப்புக்கடை, தச்சு வேலை, பல் வைத்தியம், சாப்பாட்டுக் கடை என்று பிழைத்தவர்கள் இருந்தார்கள். போர் தொடங்கியதும் அவசரச் சட்டங்கள் வந்தன. நம்மோடு போரிடும் நாட்டின் குடிமகனாகத் தாயோ தந்தையோ, தாத்தாவோ பாட்டியோ எப்போதாவது இருந்திருந்தால் போதும், இங்கே பிறந்தவரையும் அன்னியராக நடத்தலாம் என்று சட்டம் சொன்னது. பேரன் செய்த குற்றம், தாத்தா பிறந்த ஊர்.

நவம்பரில் போலீஸ் வீடு வீடாகப் போனது. உடுத்திய துணியோடும் கையில் அகப்பட்டதோடும் கிளம்பச் சொன்னார்கள். நாட்கணக்கில் ரயில் பயணம். போய்ச் சேர்ந்த இடம் ராஜஸ்தானின் தேவ்லி. வெள்ளைக்காரன் காலத்து முகாம் அது. ஜெயப்பிரகாஷ் நாராயணை 1941ல் அடைத்து வைத்திருந்த இடம். விடுதலைப் போராட்டக்காரர்களைப் பூட்டிய அதே கம்பி வேலிக்குள் சுதந்திர இந்தியா சுமார் 3,000 பேரைப் பூட்டியது. கிழவர்கள், கைக்குழந்தைகள், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள். யார் மீதும் வழக்கு இல்லை. விசாரணை இல்லை. 1962 நவம்பர் 21ல் சீனா தானாகவே போர் நிறுத்தம் அறிவித்துவிட்டது. சண்டை ஒரு மாதத்தில் முடிந்தும் தேவ்லியில் கதவு திறக்கவில்லை. சிலர் வெளியே வந்தது 1967ல்.

திரும்பி வந்தவர்களுக்கு வீடும் கடையும் இருந்ததா என்றால், பலருக்கு இல்லை. அவை எதிரிச் சொத்து என்று ஏலம் போயிருந்தன. சீனாவுக்கே போய்விடுவதாகச் சொன்னவர்களை அழைத்துப்போக 1963ல் சீன அரசு கப்பல் அனுப்பியது. அந்தக் கப்பல்கள் வந்து நின்றது நம் சென்னைத் துறைமுகத்தில். இரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் இங்கிருந்துதான் ஏறிப்போனார்கள். அவர்களில் கணிசமானோர் சீனாவைக் கண்ணால் பார்த்திராதவர்கள். சென்னையின் வரலாற்றை விழுந்து விழுந்து எழுதும் நாம் இதைப் பற்றி எழுதியது மிகக் குறைவு. அசாமில் ரீட்டா சௌத்ரி ‘மாகம்’ என்ற நாவலை எழுதியதால் அந்த மாநிலத்திலாவது பேச்சு எழுந்தது.

அப்புறம் காற்று மறுபடி திரும்பியது. 1976ல் தூதர்கள் பரிமாற்றம், 1988ல் ராஜீவ் காந்தியின் பீஜிங் பயணம், பிறகு வியாபாரம். 2019 அக்டோபரில் மாமல்லபுரத்தில் பிரதமர் வேட்டி கட்டி ஷி ஜின்பிங்கோடு இளநீர் குடித்தார். சென்னையில் பள்ளிப் பிள்ளைகள் ஷி முகமூடி மாட்டிக்கொண்டு வரவேற்பு கொடுத்தார்கள். எட்டே மாதத்தில், 2020 ஜூன் 15 இரவு, கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையோடு நடந்த மோதலில் நம் வீரர்கள் 20 பேர் உயிர் இழந்தார்கள். ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி அவர்களில் ஒருவர். அந்தக் குடும்பங்களின் கோபம் நியாயமான கோபம். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

ஆனால் அதைச் சுற்றி எழுந்த ஆர்ப்பாட்டம் வேறு ரகம். பால்கனியிலிருந்து சீன டிவியைத் தூக்கி வீசி வீடியோ எடுத்தார்கள். அந்த டிவிக்குப் பணம் எப்போதோ சீனாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மத்திய அமைச்சர் ஒருவர் சீன உணவு விற்கும் ஹோட்டல்களை மூடச் சொன்னார். தள்ளுவண்டியில் கோபி மஞ்சூரியன் போடும் பையனுக்கும் ஷி ஜின்பிங்குக்கும் என்ன உறவு என்று அவர் விளக்கவில்லை. 59 செயலிகள் தடை செய்யப்பட்டன. இத்தனைக்கும் மறு ஆண்டே, 2021ல், இரு நாட்டு வர்த்தகம் 125 பில்லியன் டாலரைத் தாண்டிப் புதிய உச்சம் தொட்டது. கோபம் பணக் கணக்கைத் தொடவே இல்லை.

தொட்டது யாரை? கொரோனா வந்த 2020 மார்ச்சில் வடகிழக்கு மாநிலத்துப் பிள்ளைகளை நம் நகரங்களில் ‘சீனாக்காரன்’ என்று ஏசினார்கள், துப்பினார்கள். அவர்களைத் தொல்லை செய்யக்கூடாது என்று உள்துறை அமைச்சகமே மாநிலங்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. கல்வானுக்குப் பிறகு கொல்கத்தா டாங்ராவின் சீன வம்சாவளியினர், இந்திய ராணுவத்துக்கு ஆதரவாகப் பதாகை பிடித்துத் தெருவுக்கு வந்தார்கள். அவர்களிடம் அப்படி ஒரு சான்றிதழை யாரும் எழுத்தில் கேட்கவில்லை. 1962ஐ மறக்காதவர்கள், கேட்காமலே காட்டினார்கள்.

தேவ்லியில் சிறுவர்களாக இருந்தவர்களுக்கு இன்று எழுபது வயது தாண்டிவிட்டது. பலர் கனடாவின் டொரன்டோ பக்கம் குடியேறிவிட்டார்கள். இந்திய அரசிடம் அவர்கள் நீண்ட நாளாக வேண்டுவது ஒரு மன்னிப்பு. இதுவரை எந்தப் பிரதமரும் கேட்கவில்லை. காங்கிரஸ் கேட்கவில்லை, நேருவைக் குறை சொல்ல ஒரு வாய்ப்பையும் விடாத பாரதிய ஜனதாவும் கேட்கவில்லை.

எல்லைத் தகராறு தீராதபோது இதைப் பேசலாமா என்று சிலர் கேட்பார்கள். அமெரிக்காவைப் பாருங்கள். 1942ல் ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை அது முகாம்களில் அடைத்தது. 1987ல் ஜப்பான் மீது அங்கே வியாபாரக் கோபம் கொதித்தது. நாடாளுமன்ற உறுப்பினர்களே கேபிடல் வளாகத்தில் தோஷிபா ரேடியோவைச் சம்மட்டியால் உடைத்தார்கள். மறு ஆண்டே, 1988 ஆகஸ்டில், அதே நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தில் ரீகன் கையெழுத்திட்டார். உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் மன்னிப்பும் 20,000 டாலரும் கிடைத்தன. அந்த மன்னிப்பு ஜப்பானுக்குச் சொன்னதல்ல, சொந்தக் குடிமக்களுக்குச் சொன்னது. தேவ்லிக்கும் பீஜிங்குக்கும் அதே மாதிரி எந்தச் சம்பந்தமும் இல்லை.

விமானம் பறக்கிறது, விசா கிடைக்கிறது, தலைவர்கள் கைகுலுக்குகிறார்கள். நாளைக்கே இதுவும் மாறலாம். மாறுவதற்குள் நாடாளுமன்றத்தில் யாராவது எழுந்து தேவ்லி பற்றிக் கேட்க வேண்டும். முகாம் ஆவணங்களைத் திறக்கச் சொல்ல வேண்டும். அந்தக் கப்பல்கள் கிளம்பியது சென்னையிலிருந்து என்பதால், கேட்கிறவர் தமிழகத்திலிருந்து போன உறுப்பினராக இருந்தால் பொருத்தம். உங்கள் தொகுதி உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.