யானையைக் கட்டித் தீனி போடுவோர்

பழைய பெரிய கார்களைப் பற்றி நம் சங்க நண்பர்களிடையே ஒரு மயக்கம் பரவி வருகிறது. மேற்படிப்புக்காக இங்கிலாந்து செல்லும் மாணவன் அங்குள்ள விற்பனை விளம்பரங்களைப் பார்க்கிறான். பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின், தோல் தைத்த இருக்கைகள், இரண்டே கதவுகள், நீண்டு தாழ்ந்த மேனி. ஒரு காலத்தில் செல்வர்கள் மட்டுமே ஏறிய வண்டி. விலையோ புதிய சிறு கார் ஒன்றின் விலையைவிடக் குறைவு! உடனே படத்துடன் நமக்குச் செய்தி வருகிறது. விடுதியில் நாமும் கூடி நின்று வியக்கிறோம். "இவ்வளவு மலிவா? நாமாக இருந்தால் வாங்கிவிட்டிருப்போமே!" என்கிறோம்.

அந்த வண்டி மலிவன்று என்பதே என் கருத்து. அதன் விலையில் பாதியை விற்பவர் கேட்கிறார்; மறுபாதியை வண்டியே பின்னர் கேட்கும். இதை அறியாமல் வாங்குகிறவன் தன் பணத்தை இழப்பதோடு நிற்பதில்லை. நல்ல இயந்திரம் ஒன்றின் ஆயுளையும் அவனே முடித்து வைக்கிறான்.

பொதுப்படப் பேசுவதைவிட ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு பேசுவது நன்று. ஜாகுவார் எக்ஸ்.ஜே.எஸ். என்னும் வண்டியை எடுத்துக்கொள்கிறேன். கவென்ட்ரி நகரில் ஓராண்டு படித்தபோது நான் குடியிருந்த வீட்டின் உரிமையாளரிடம் அது ஒன்று இருந்தது. ஓய்வு பெற்ற கடைசல் தொழிலாளி அவர். சனிக்கிழமைதோறும் அவருக்கு விளக்குப் பிடிக்கவும் திருகாணி எடுத்துக் கொடுக்கவும் நின்றவன் என்ற தகுதியில்தான் இதை எழுதுகிறேன். அந்நகரின் பிரவுன்ஸ் லேன் ஆலையிலிருந்து அவர் வீடு நடக்கும் தூரம். 2005ஆம் ஆண்டோடு அங்கே கார் கட்டும் வேலை நின்றுவிட்டது.

எக்ஸ்.ஜே.எஸ். 1975 செப்டம்பரில் வெளிவந்தது. 1973இன் எண்ணெய் நெருக்கடி உலகையே உலுக்கி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த வேளையில் 5,343 கன செ.மீ. கொள்ளளவும் பன்னிரண்டு சிலிண்டர்களும் கொண்ட வண்டியை 8,900 பவுனுக்கு விற்கத் துணிந்தார்கள்! வால்ட்டர் ஹாசன், ஹாரி மண்டி முதலிய பொறியாளர்கள் உருவாக்கிய அந்த எஞ்சின், 1971லேயே ஈ-டைப் வண்டியில் ஏறிப் பெயர் பெற்றிருந்தது. வடிவத்துக்கு அடித்தளமிட்ட மால்கம் சேயர் 1970லேயே மறைந்துவிட்டார். முடிந்த வண்டியை அவர் காணவில்லை. பின் கண்ணாடியின் இருபுறமும் கோட்டைச் சுவர்போல் சரிந்திறங்கும் முட்டுகளைப் பலர் பழித்தார்கள். எனக்கு அவை அழகாகவே தோன்றும். அது வேறு வழக்கு. எண்பதின் தொடக்கத்தில் வண்டியின் கதை முடிந்தது என்றே பலரும் எண்ணினர். 1981இல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் மைக்கேல் மே வகுத்த புதிய சிலிண்டர் தலை வந்தது, எரிபொருள் செலவு குறைந்தது, வண்டி பிழைத்தது. 1996இல் நிறுத்தப்படும்வரை மொத்தம் 115,413 வண்டிகள் செய்யப்பட்டன.

இனி விலைக்கு வருவோம். கார் பழையதாக ஆக அதன் விலை இறங்குகிறது. ஆனால் அதற்கு வேண்டிய உதிரிப் பாகத்தின் விலை இறங்குவதில்லை; பழுது பார்ப்பவரின் மணிக்கூலியும் இறங்குவதில்லை. நான்கு சிலிண்டர் வண்டிக்கு நான்கு தீப்பொறிப் பிளக்குகள் என்றால் இதற்குப் பன்னிரண்டு. எண்ணெய் மாற்றினால் பத்து லிட்டர் அளவுக்கு வேண்டும். குளிர்நீர் இருபது லிட்டருக்கு மேல் கொள்ளும். முதல் உரிமையாளர் செல்வர், கேட்டதைக் கொடுத்தார். பெரிய செலவொன்று வரும் அறிகுறி தெரிந்ததும் விற்றுவிட்டார். இரண்டாமவர் சிறிய பழுதுகளைப் பார்த்தார், பெரியதைத் தள்ளிப்போட்டார். மூன்றாமவர் எண்ணெய் மட்டும் மாற்றினார். நான்காமவராக நம் மாணவன் போய் நிற்கிறான். முந்தைய மூவரும் கட்டாமல் விட்ட கடனெல்லாம் அந்தத் தோல் இருக்கைக்கு அடியில் குவிந்து கிடக்கிறது. மலிவு விலை என்பது அந்தக் கடனைக் கழித்துச் சொன்ன விலையே. அதையும் முழுமையாகக் கழித்திருக்க மாட்டார்கள்.

கடன் எப்படி வசூலாகிறது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

முதலில் வெப்பம். எஞ்சின் அலுமினியத்தாலானது, நீண்டது, தாழ்ந்த மூடிக்கடியில் இடைவெளியின்றி அடைக்கப்பட்டது. ரேடியேட்டரின் அடிப்பகுதியில் ஆண்டாண்டாகச் சேறு படியும். பாதி அடைத்த ரேடியேட்டரோடு குளிர்நாளில் வண்டி செம்மையாகவே ஓடும். உரிமையாளருக்கு ஒன்றும் தெரியாது. கோடையில் ஒருநாள் போக்குவரத்து நெரிசலில் நிற்கும்போது வெப்பமானியின் முள் ஏறும். அன்று நிறுத்தாமல் "இன்னும் இரண்டு மைல்தானே" என்று ஓட்டினால், வால்வு உட்காரும் வளையம் தலையிலிருந்து கழன்று விழக்கூடும். பிறகு எஞ்சினைப் பிரிப்பதைத் தவிர வழியில்லை. பல வேளைகளில் அந்தச் செலவு வண்டியின் விலையையே தாண்டும். ரேடியேட்டரைக் கழற்றித் துப்புரவு செய்ய ஆகும் செலவோ மிகச் சிறிது. நீரை மீண்டும் நிரப்புகையில் உள்ளே காற்று தங்காதபடி வண்டியின் முகப்பைச் சற்று உயர்த்திப் பொறுமையாக நிரப்ப வேண்டும். என் வீட்டுக்காரர் இதற்கென்றே ஒரு முழு முற்பகலை ஒதுக்குவார். அவசரப்படுத்தினால் கோபம் வரும்.

அடுத்து நெருப்பு. இரண்டு வரிசைச் சிலிண்டர்களுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் பெட்ரோல் ரப்பர்க் குழாய்கள் கிடக்கின்றன. அடியிலிருந்து எழும் வெப்பம் அவற்றைச் சுட்டுக்கொண்டே இருக்கும். ரப்பர் இறுகி வெடித்தால் பெட்ரோல் சொட்டுவது சூடான எஞ்சின்மேல்தான். 1989க்குப் பின் வந்த வண்டிகள் பலவற்றில் மாரெல்லி தீப்பொறி அமைப்பு இருந்தது. அதன் சுழலி பழுதானால் ஒரு வரிசை ஆறு சிலிண்டர்களும் எரியாமல் நின்றுவிடும். மற்ற ஆறும் வண்டியை இழுத்துச் செல்லும். ஓட்டுபவருக்கு வலுக்குறைவு மட்டுமே தெரியும். எரியாத பெட்ரோலோ புகைக்குழாய் வழியே சென்று, சூடேறிய வினையூக்கிப் பெட்டியில் பற்றிக்கொள்ளும். இப்படி எரிந்துபோன வண்டிகள் உண்டு. குழாய்களையும் சுழலியையும் காலத்தில் மாற்றினால் இவ்வளவும் வாராது.

பிளக்குகளைப் பற்றியும் சொல்லாமல் விடமுடியவில்லை. முன்பக்கத்து இரண்டும் குளிர்சாதன அழுத்தியின் அடியில் ஒளிந்துள்ளன. பத்தை மாற்றி முன்னிரண்டை விட்டுவிடும் பழுதுபார்ப்போர் உண்டு. என் வீட்டுக்காரர் வாங்கிய வண்டியில் பத்துப் பிளக்குகள் புதியவை. இரண்டு எந்தக் காலத்தவை என்று எவருக்கும் தெரியவில்லை! பின் பிரேக்குத் தட்டுகள் சக்கரத்தருகே இல்லாமல், பெரும்பாலான ஆண்டுகளின் வண்டிகளில், நடுவே டிஃபரன்ஷியலை ஒட்டி அமைந்திருக்கின்றன. அவற்றை மாற்றுவதற்குப் பின்புறத் தொகுதியையே கீழே இறக்குவது வழக்கம். துருவைப் பற்றியோ ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். பின்சக்கரத் தண்டு உடலோடு சேருமிடம், கதவடி விளிம்பு, தரைத்தகடு ஆகியவற்றைக் கையால் தடவிப் பார்க்காமல் இவ்வண்டியை வாங்குவது, வரப்பைப் பார்க்காமல் நிலம் வாங்குவது போன்றது.

பெட்ரோல் செலவையே எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். வியப்பாக இருக்கலாம், ஆனால் அது இரண்டாம் கவலைதான். ஊருக்குள் லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். இத்தகைய வண்டியை ஆண்டுக்கு 2,000 கிலோமீட்டர் ஓட்டினால் 400 லிட்டர் ஆகும். அது பெருந்தொகை அன்று. துருப்பிடித்த தகட்டை வெட்டி ஒட்டும் ஒரே வேலை அதை விழுங்கிவிடும். பெட்ரோல் விலைக்கு அஞ்சி வண்டியைக் கொட்டகையில் பூட்டிவைப்பதுதான் இன்னும் தவறு. ஓடாத வண்டியில் பிரேக்குகள் இறுகும், ரப்பர் காயும், பெட்ரோல் கெடும். மாதம் ஒருமுறையேனும் எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டத்தான் வேண்டும்.

"அப்படியானால் இது பணக்காரரின் வீண் பகட்டுத்தானே?" என்று நீங்கள் கேட்கலாம். நான் உடன்படவில்லை. நான் சொன்ன மனிதர் வாழ்நாள் முழுதும் கடைசல் இயந்திரத்தின்முன் நின்றவர். வண்டி வாங்குமுன், அதன் விலைக்கு நிகரான மற்றொரு தொகையைத் தனியே வங்கியில் போட்டுவைத்தார். அது சேர்ந்த பிறகே வண்டி பார்க்கப் புறப்பட்டார். அத்தொகை மூன்றாம் ஆண்டிலேயே கரைந்தது என்பதையும் சொல்லவேண்டும். எந்த நாளில் எது மாற்றப்பட்டது, என்ன விலை, அடுத்தது எப்போது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்தார். பணத்தால் செய்ய முடியாததைக் கையால் செய்தார். யானையைக் கட்டித் தீனி போட முடியுமா என்று நம் ஊரில் கேட்பார்கள். முடியும், ஆனால் பாகன் வேலையையும் தானே பார்க்க வேண்டும்.

அந்த உழைப்புக்கு என்ன கிடைத்தது என்றால், ஓர் அமைதி கிடைத்தது. ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நின்றால் அவற்றின் அசைவு ஒன்றையொன்று சமன்செய்துகொள்ளும் என்பது பொறியியல் படிப்போருக்குத் தெரியும். அத்தகைய இரு வரிசைகள் ஒரே தண்டைச் சுழற்றும்போது, ஒவ்வொரு 60 பாகைக்கும் ஓர் உந்துதல் விழுகிறது. தயங்கி நிற்கும் இடைவெளியே இல்லை. வாரிக்‌ஷயர் நாட்டுப்புறச் சாலையில் ஒரு மாலை அவர் என்னை ஏற்றிச் சென்றார். எஞ்சின் ஓடுகிறதா இல்லையா என்று எனக்கு ஐயம் வந்தது. கால் சற்று அழுந்தியதும் கரையோரத்து மரங்கள் மட்டும் விரைந்தன, ஓசை ஏறவில்லை. இன்றைய மின்சார வண்டியிலும் இந்த அமைதி உண்டு என்பர். உண்டு. ஆனால் இது தீயும் எஃகும் ஆயிரம் அசைவுகளும் கூடி உண்டாக்கிய அமைதி. எனக்கு இதில் மதிப்பு மிகுதி.

இவ்வினத்து எல்லா வண்டிகளும் ஒன்றல்ல. 1989இல் வந்த பி.எம்.டபிள்யூ. 850ஐ வண்டிக்கும் பன்னிரண்டு சிலிண்டர்கள். ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனி மின்னணு மூளை. மெர்சிடஸ் நிறுவனம் 1999இல் கொணர்ந்த சி.எல். வண்டியிலோ, எண்ணெய் அழுத்தத்தால் உடலை நிமிர்த்திப் பிடிக்கும் அமைப்பு உண்டு. புதியவராக இருந்தபோது இவை ஜாகுவாரைவிடச் சிறந்தவையாக இருந்திருக்கலாம். ஆனால் முதுமையில் இவற்றுக்குக் கணினியும் தனிக்கருவிகளும் வேண்டும். வீட்டு முற்றத்தில் நின்று திருத்துவது கடினம். கையால் தொட்டு அறியக்கூடிய பழுதுள்ள வண்டியே மாணவனுக்கு ஏற்றது என்பேன். எக்ஸ்.ஜே.எஸ். வண்டியில் 1977 முதல் இருந்த மூன்று படித் தானியங்கிக் கியர்ப்பெட்டி, ஜெனரல் மோட்டார்ஸ் செய்தது, லேசில் கெடாது. அந்த ஒரு கவலையேனும் இல்லை.

"இங்கே கொண்டுவரலாமா?" என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு சொல். மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட பழைய கார்களை இந்தியாவுக்கு இறக்குமதி செய்யப் பொதுவாக வழியில்லை. இங்குள்ள பழையனவும் நம் தில்லியில் நிம்மதியாக ஓட இயலாது. 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகள் தலைநகர்ப் பகுதியில் ஓடலாகாது என்ற ஆணையை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதி செய்தது. பின்னர் அது தளர்வதும் இறுகுவதுமாக இருக்கிறது. 50 ஆண்டு கடந்தவற்றைப் பழம்பொருள் வண்டிகளாகப் பதிவு செய்ய 2021இல் விதி வந்தது. அன்றாடப் போக்குவரத்துக்கு அவற்றை ஓட்டக் கூடாது. பிரிட்டனில் 40 ஆண்டு ஆனாலே வரியும் ஆண்டுச் சோதனையும் இல்லை. ஆக, இங்கே பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவே ஒரு வண்டி முப்பத்தைந்து ஆண்டு தலைமறைவாக வாழ வேண்டியிருக்கிறது! முதல் எக்ஸ்.ஜே.எஸ். வண்டிகளே 2025இல்தான் ஐம்பதைத் தொட்டன. கார்த்திகை மாதத் தில்லிக் காற்றைச் சுவாசித்த எவனும் இவ்வண்டிகள் நாள்தோறும் நகருக்குள் ஓடட்டும் என்று வாதிட மாட்டான், நானும் வாதிடவில்லை. இவற்றுள் பலவற்றில் வினையூக்கிப் பெட்டியே கிடையாது. ஆயினும் ஆண்டுக்கு 2,000 கிலோமீட்டர் ஓடும் வண்டியையும் 40,000 கிலோமீட்டர் ஓடும் வண்டியையும் வயதென்னும் ஒரே முழக்கோலால் அளப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எவ்வளவு ஓடுகிறது, எப்படிப் பேணப்படுகிறது என்றும் கேட்கவேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் நண்பர் ஒருவர் இதையெல்லாம் படித்தும் மனம் மாறாவிட்டால், அவர் ஆசையை நான் பழிக்கமாட்டேன். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய்ப் பாருங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் ஆறும்வரை காத்திருங்கள். தரைவிரிப்பைத் தூக்குங்கள், முன்னிரண்டு பிளக்குகள் எப்போது மாற்றப்பட்டன என்று கேளுங்கள். பழைய ரசீதுக் கட்டைக் காட்ட அவர் தயங்கினால், கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு நன்றி கூறித் திரும்பிவிடுங்கள்.