குறிஞ்சி யாருக்குச் சொந்தம்?

குற்றாலத்திலே நீராடுகிறோம். குறவஞ்சியிலே குறத்தி மலைவளம் பாடினால் கைதட்டுகிறோம். வகுப்பறையிலே குறிஞ்சியை முதலிலும் மருதத்தைப் பின்னரும் கற்பிக்கிறோம். ஆனால் தேனெடுத்து, கிழங்கு அகழ்ந்து, இம்மலைத்தொடரிலே வாழும் பளியரை எண்ணிப் பார்த்தோமா?

பூசலை விரும்பாது ஒதுங்கிச் செல்வது பளியர் பண்பு. ஒதுங்காமல், வில்லேந்தி ஏரை மறித்திருந்தால்? தென்காசிச் சீமையிலே உழவன் அவர்களிடம் இசைவு பெற்றன்றோ விதைத்திருப்பான்!

நடந்ததோ வேறு. 1882இல் வனச்சட்டம் வந்தது. காட்டின் மக்களே காட்டுக்குள் அனுமதி கேட்டு நின்றனர். 2006இன் வன உரிமைச் சட்டம், இழைக்கப்பட்டது வரலாற்று அநீதி என ஒப்புக்கொண்டது. ஒப்புதல் வயிற்றை நிரப்புமா? பட்டா எங்கே?

வந்தேறிகள் யாரென்று முழங்கும் நாம், மலையடியிலே வந்தேறியவர் யாரென்றும் கேட்போம். பிறரைக் கேட்பது எளிது, தோழர்களே! நம்மையே கேட்பதுதான் பகுத்தறிவு!