தையல் பிரிக்கும் முன்பே கைவிடலாமா?

மூட்டு மாற்று அறுவை சிகிச்சையின் செலவைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். 2017 ஆகஸ்டில் செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு மத்திய அரசு உச்சவிலை வைத்தது; பரவலாகப் பொருத்தப்படும் கோபால்ட்-குரோமியம் மூட்டின் விலை, வரி நீங்கலாக, 54,720 ரூபாய்க்கு இறங்கியது. ஏழைகளுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் அறுவை முடிந்த சில நாட்களிலேயே, தையல் பிரிக்கும் முன்பே, நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். புதிய மூட்டு எவ்வளவு நீளும், எவ்வளவு மடங்கும் என்பது பெரும்பாலும் அடுத்த ஆறு வாரப் பயிற்சியைப் பொறுத்தது. அந்த ஆறு வாரங்களுக்குத்தான் யாரும் பொறுப்பேற்பதில்லை.

குடும்பத்தார் பார்த்துக்கொள்ள மாட்டார்களா என்று கேட்கலாம். பார்த்துக்கொள்கிறார்கள், அக்கறையில் குறையே இல்லை. வலியில் முனகும் மாமியாரின் முழங்காலுக்கு அடியில் மருமகள் தலையணையை வைப்பது அக்கறையால்தான். வலி தணியும், ஆனால் மடங்கியே கிடக்கும் மூட்டு பிறகு முழுதாக நீள மறுக்கும். தலையணை இருக்க வேண்டிய இடம் குதிகாலுக்கு அடியில். கெண்டைக்கால் வீங்கினால் தைலம் தேய்த்து நீவிவிடுவதும் அக்கறைதான். உள்ளே ரத்தம் உறைந்திருந்தால், அந்த உறைவு பெயர்ந்து நுரையீரலை அடைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். எது வழக்கமான வீக்கம், எது ஆபத்தானது, புண்ணின் ஓரச் சிவப்பு ஆறுகிறதா பரவுகிறதா என்பதையெல்லாம் பயிற்சி பெற்ற செவிலியரின் கண்தான் பிரித்தறியும்.

வீட்டிலேயே நன்றாகக் குணமாகலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றனவே என்பது அடுத்த வாதம். உண்மைதான். 2017இல் ஜாமா மருத்துவ இதழில் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், முழங்கால் மாற்றியவர்களை மறுவாழ்வு மையத்தில் கூடுதலாகத் தங்கவைத்ததால் நடைத்திறனில் தனிப் பலன் கிடைக்கவில்லை. ஆனால் அங்கே வீட்டுக்குப் போனவர்களையும் மருத்துவப் பணியாளர்கள் தொடர்ந்து கண்காணித்தார்கள். அதை விட்டுவிட்டு முடிவை மட்டும் எடுத்துக்கொள்வது சரியல்ல.

இங்கும் அப்படி வீட்டிலேயே கண்காணிப்பதென்றால் செலவுக்கு எங்கே போவது? தமிழ்நாட்டில் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவரும் நோய் ஆதரவுச் செவிலியரும் ஏற்கெனவே வீடு தேடிப் போகிறார்கள். கூடுதல் ஆட்கள் நிச்சயம் தேவைப்படுவார்கள். இருப்பவர்களின் தலையில் சுமத்துவது அநியாயம். எல்லோருக்கும் ஒரே அளவு கவனிப்பும் வேண்டாம்; தனியாக வாழும் முதியோர், சர்க்கரை நோயாளிகள், ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ வைத்து வர வசதியற்றவர்கள் ஆகியோரிடமிருந்து தொடங்கலாம். அறுவை செய்த மருத்துவமனை, நோயாளியை அனுப்பும் அன்றே அவர் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் தர வேண்டும். முதல் வாரத்திலேயே ஒரு செவிலியர் அந்த வீட்டுக்குப் போக வேண்டும்.